மூன்றாம் அடுக்கில் அகழி

கஞ்சிக்கோட்டில் இரவு ஒன்றரை.
கணவாய்க் காற்று ஆய்வகத்தின் தகரத்தை
விட்டுவிட்டு அறைகிறது.
திரையில் கண் திறக்கவில்லை.

கண் என்றுதான் சொல்வோம்.
நொடிக்கு முந்நூற்றிருபது கோடி முறை
ஒரு சில்லு இன்னொன்றுக்கு அனுப்பும் ஆம், இல்லைகளை
ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால்
நடுவே பாதாம் வடிவில்
கொஞ்சம் வெறுமை தெரிய வேண்டும்.
அந்த வெறுமைக்குத்தான் எனக்குச் சம்பளம்.
மூன்று நாளாக அங்கே
வெளுத்த பச்சைப் புழுதி.

முதலில் ரயிலைச் சந்தேகப்பட்டோம்.
வண்டி கடக்கும் நேரங்களை ரெஜிமோன் குறித்துவைத்தான்.
தண்டவாளத்தில் யானை நின்று
வண்டியே வராத இரவிலும்
அதே பிழை, அதே இடம்.
அப்புறம் எதிர் ஷெட்டின் வெல்டிங்.
அவர்கள் சாயா குடிக்கப் போனபோதும்
கண் அப்படியே மூடிக் கிடந்தது.
பிறகு என் பங்குக்கு
மின்தேக்கிகளை அள்ளிவைத்தேன்,
ருசி பார்க்காமலே குழம்பில்
உப்பைப் போடுகிறவள் மாதிரி.

"இது புறத்துநின்னு வர்றதல்ல, சேச்சி"
என்றான் ரெஜிமோன்.

பலகையின் வரைபடத்தை அடுக்கடுக்காக உரித்தோம்.
அடிப்பக்கம் ஓடும் எட்டுக் கம்பிகள்,
நீளம் ஒத்துப்போக வளைத்து வளைத்து
கோவையிலிருந்து குமுதவல்லி போட்டவை.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
அதற்கு மேலே, மூன்றாம் அடுக்கில்,
செம்புத் தரையின் குறுக்கே ஓர் அகழி.
அகலம் அரை மில்லிமீட்டர்.
ஒலிச்சுற்றின் தரை தனி,
எண்சுற்றின் தரை தனி என்று
யாரோ நல்லெண்ணத்தில் கிழித்தது.

மாற்றக் குறிப்பைத் திறந்தேன்.
என் பெயர் இருந்தது.
ரெஜிமோன் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல்
மேசை விளக்கை என் பக்கம் திருப்பினான்.

கம்பியில் போகிற சமிக்ஞை அகழியைத் தாண்டிவிடுகிறது.
அதற்கு ஈடாகத் திரும்பும் மின்னோட்டம்,
கம்பியை ஒட்டி நிழலாக வர வேண்டியது,
கரையில் வந்து தடுமாறுகிறது,
பலகையின் விளிம்புவரை சுற்றுகிறது,
போகிற வழியெல்லாம்
அடுத்த கம்பிகளின் காதில் எதையாவது ஓதிவிட்டு.

வாளையாரில் பார்த்திருக்கிறேன்.
தக்காளி ஏற்றிக்கொண்டு வரும் லாரிகளை
எண்ணி எழுத ஆளுண்டு.
காலிப் பெட்டிகளோடு திரும்பும் லாரியை
எந்த நோட்டிலும் எழுதுவதில்லை.
மறியல் நடந்த ஓர் இரவு
அவையெல்லாம் வேலந்தாவளம் சுற்றிப் போயின,
சந்து சந்தாக ஹாரன் அடித்து
குழந்தைகளை எழுப்பிக்கொண்டு.

நுண்ணோக்கியின் கீழே
இரண்டு மின்தேக்கிகள்,
உடைந்த எள்ளளவு.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
இரு கரையிலும் ஈயம் தொட்டேன்.
விநோதமான சாவடி இது.
அவசரக்காரனைக் கேள்வியில்லாமல் விடும்,
நிதானமாக வருகிறவனை நிறுத்திவைக்கும்.

நாலு பத்துக்குப்
புழுதி மேலும் கீழுமாக விலகியது.
பாதாம்.
ரெஜிமோன் நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினான்.
ஓரங்களில் இன்னும் நடுக்கம்,
இமை துடிக்கிற மாதிரி.
அது போகாது.
லட்சம் கோடியில் ஒரு பிழை வரலாம் என்று
கணக்கிலேயே அதற்கு இடம் விட்டிருக்கிறது.

குமுதவல்லிக்கு எழுதினேன்:
அடுத்த பதிப்பில் அகழி வேண்டாம்.
கிழிக்கச் சொன்னது நான்தான்.

முதல் பேருந்து.
கண்டக்டர் காற்றுக்கு மஃப்ளர் சுற்றியிருந்தார்.
சோதனைச் சாவடி தாண்டியதும்
கைபேசி அதிர்ந்தது,
தமிழ்நாட்டுக்கு வரவேற்கிறோம் என்று.
எட்டிமடையில் இன்னொரு முறை.

"தெரியும்க்கா.
போடும்போதே கேக்கணும்னு நெனச்சேன்."