எழுபது மில்லிமீட்டர்

எழுபது மில்லிமீட்டர் பெய்யும் என்று
காலையிலேயே செல்போன் சொல்லிவிட்டது.
முபாரக்கிடம் இரவல் வாங்கிய லென்ஸும்
எழுபதில் தொடங்கி இருநூறில் முடியும்.
சரிக்குச் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

துணிக்கடைப் பையின் அடியை வட்டமாக வெட்டி
லென்ஸின் வாயை மட்டும் வெளியே விட்டு
மாவுப் பாக்கெட்டில் வந்த ரப்பர் பேண்டால்
இரண்டு சுற்று.
பையில் இன்னும் அச்சு அழியவில்லை:
ஆடித் தள்ளுபடி ஐம்பது சதவீதம்.
ஆறு தவணை பாக்கியுள்ள கேமராவைப்
பார்சல் சாப்பாடு மாதிரி கட்டி எடுத்துக்கொண்டு
காரைக்குடியிலிருந்து பைக்கில்
புதுவயல்.

அரிசி ஆலைகளுக்குப் பின்னால் மைதானம்.
நனைந்த உமியின் வாசனை
எழும்ப முடியாமல் தரையோடு கிடக்கிறது.
தேவகோட்டைப் பெண்கள் மஞ்சள்,
புதுவயல் பெண்கள் நீலம்
என்பதெல்லாம் பத்து நிமிடம்தான்.
பிறகு எல்லாருமே செம்மண் கட்சி.
முதுகில் எண் தெரியாமல் நடுவர்
பெயர் கேட்டுக் கேட்டு அட்டை காட்டினார்.

உரச்சாக்கை விரித்து முட்டி போட்டேன்.
மழை மேற்கிலிருந்து சாய்ந்தால்
நான் கிழக்கே திரும்புவேன்.
பந்து தூரம் போனால்
லென்ஸ் தலைகுனியும்.
பழைய பனியனைக் கிழித்து நான்கு துண்டு,
மூன்று ஏற்கெனவே சேறு,
நான்காவது என் வயிற்றுச் சூட்டில்.
வியூஃபைண்டரில் என் மூச்சே பனி போட,
மூச்சை அடக்கினேன்.
அவர்கள் கால்பந்து ஆடினார்கள்.
நான் கபடி.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். பெனால்டி.
தேவகோட்டை கோலில் ஜெனோவா,
கொத்தனார்கள் போடும் ஆரஞ்சு ரப்பர் கையுறையோடு.
ஆயிரத்தில் ஒரு நொடி வைத்தேன்.
வெளிச்சம் போதவில்லை, பரவாயில்லை.
அவள் முழங்கால் வளைந்தது.
அப்போதுதான்
கண்ணாடியின் நட்டநடுவில்
ஒரு சொட்டு.

பனியனை எடுத்தேன்.
துடைத்தேன்.
கூட்டம் கத்தியது.

நிமிர்ந்தபோது பந்தின்மேல்
குப்புறக் கிடந்தாள்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் படத்தில் நிற்கிறாள்,
இருநூற்றுப் பதின்மூன்றில் கிடக்கிறாள்.
நடுவில் இருப்பது
என் பனியன் துணி.

ஆட்டம் முடிந்து நேராக வந்தாள்.
"அண்ணே, பாஞ்சது விழுந்துச்சா?"
கேட்டுக்கொண்டே கையை நீட்டினாள்.
கேமராவை மார்போடு இழுத்துக்கொண்டேன்.
யோசித்துச் செய்ததில்லை,
ஆனாலும் செய்தேன்.
அவள் பார்த்துவிட்டாள்.
இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு,
"தொட மாட்டேண்ணே. நீங்களே தள்ளுங்க."

தள்ளினேன்.
அவள் மோவாயிலிருந்து தண்ணீர்
ஐம்பது சதவீதத்தின்மேல் சொட்டியது.
"இதுவா?"
"இது முன்னாடி."
"அப்ப இது?"
"இது பின்னாடி."
கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.
பிறகு பல்லில் மண் தெரியச் சிரித்தாள்:
"நானும் பாக்கலண்ணே.
கண்ண மூடிக்கிட்டேன்."

அரிசிக்குள்ளே புதைச்சு வைங்க தம்பி,
ஆலையில் தாராளமா இருக்கு என்றார் காவலர்.
தவிட்டுத் தூள் உள்ளே போய்விடும் என்று
கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.
பேட்டரியைக் கழற்றி, மூடிகளைத் திறந்து,
புதுச் செருப்பு டப்பாக்களில் சேர்த்துவைத்த
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு
டப்பாவில் அடைத்து
இரண்டு இரவு விட்டேன்.
எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஐப்பசிக் கடைசியில்
கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம்.
இத்தாலிப் பளிங்கு, பர்மாத் தேக்கு,
ஒரு தூசி கிடையாது.
திருப்பூட்டும் நேரம், லென்ஸைத் திருகுகிறேன்.
நூற்றிருபதைத் தாண்டும்போது
வளையத்துக்குள் கரகரவென்று
புதுவயல்.

மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.
முபாரக்கிடம்
இன்னும் சொல்லவில்லை.