நாற்பத்தொன்றாம் செடி

திருநெல்வேலி. பண்ணையின் தெற்கு வரம்பு.
பின்னேரம் நாலரை.
நாளைக்கு விரிய இருக்கிற மொட்டைத்
தேடித்தான் பிடிக்க வேண்டும்:
வெள்ளை தெரியும், வாய் திறந்திராது.
இடுக்கியால் இதழை விலக்கி
நீலம் பாரித்த மகரந்தப்பைகளை
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்.
ஒன்று தப்பினாலும் கணக்குப் பிழைக்கும்.

தாய், தலை கவிழ்ந்து காய்க்கிற மிளகாய்.
தகப்பன், வானம் பார்த்துக் காய்ப்பவன்.
விடிய அவன் தூளைத் தொட்டு வைத்து,
சிவப்பு நூல் கட்டி,
எண்ணெய்த்தாள் பையால் மூடினேன்.
கலியாணம் முடிந்தது. மேளம் இல்லை.

அடுத்த போகம் நூற்றிருபது செடி.
அத்தனையும் கவிழ்ந்தே காய்த்தன.
தண்ணி மாறுகிற தவமலர் பார்த்துவிட்டு,
"தேப்பன்ரை சாயல் ஒண்டிலையும் இல்லையே,
பாவம் மனுசன்" என்றாள்.

பாடப்புத்தகத்தில் இதற்குச் சொல் உண்டு:
ஆட்சியானது, பின்னிடைவானது.
பத்தாம் வகுப்பில் அதைப் படித்த வருடம்
பின்னிடைவு என்ற சொல்
இரவுச் செய்தியிலும் வந்துகொண்டிருந்தது.
மண்ணெண்ணெய் விளக்கடியில்
இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதினேன்.
எது உயிரியல் என்று ஆசிரியை கேட்கவில்லை.

மூன்றாம் போகம்,
கவிழ்ந்தவற்றைத் தம்மோடு தாமே சேரவிட்ட விதை.
நூற்றைம்பத்தைந்து செடியில்
நூற்றுப் பதினெட்டு கவிழ்ந்தது.
முப்பத்தேழு,
கிணற்றடிப் பக்கம், வேலியோரம், நடுப்பாத்தியில்,
யாரோ கூப்பிட்டதுபோல்
நிமிர்ந்து நின்றது.

"உது எங்காலை வந்தது?
தாய்க்கும் இல்லை, உந்தக் குணம்."
தவமலர் மண்வெட்டியை ஊன்றிவிட்டாள்.
இருந்தது, என்றேன்.
போன போகம் நீ தண்ணி விட்ட
நூற்றிருபதுக்குள்ளும்.

கொஞ்சநேரம் பேசாமல் நின்றாள்.
"அப்ப இந்தக் கவிழ்ந்ததுகளுக்குள்ளையும் இருக்குமோ?"
மூன்றில் இரண்டுக்குள்.
"எந்த ரெண்டு?"

அதுதான்.
இலையில் தெரியாது. காரத்தில் தெரியாது.
பிளந்து பார்த்தாலும் தெரியாது.
ஆள்வதன் வயிற்றில் என்ன கிடக்கிறதென்று
பின்னிடைந்ததைக் கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டும்.
நிமிர்ந்ததன் தூளைக் கவிழ்ந்ததன் பூவில் வைத்து
இன்னும் ஒரு போகம்
செம்பாட்டு மண்ணில் காத்திருக்க வேண்டும்.

நிமிர்ந்த காய்தான்
கொண்டைக்குருவியின் கண்ணில் முதலில் படுகிறது.
இன்று காலை ஒன்பது காம்புகள்
காயில்லாமல் மேலே பார்த்தபடி.
எங்கள் கணக்கு செடிக்குத்தான், காய்க்கு இல்லை;
முப்பத்தேழு முப்பத்தேழாகவே இருக்கிறது.

நாற்பத்தொன்றாம் செடி, கவிழ்ந்தது.
மொட்டைத் திறந்து முடித்துப் பார்த்தால்
சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது.
சாக்குத் தைக்கிற நூலில் ஒரு சாண் அறுத்துத் தந்து
செடியைக் குனிந்து பார்த்தாள் தவமலர்.
"இது ஒளிச்சு வைச்சிருக்கு."
எப்படித் தெரியும்?
"நிக்கிற நிலையைப் பாருங்கோ."

நிலையில் ஒன்றும் தெரியாது என்று
இப்போதுதானே சொன்னேன்.
பதிவேட்டில் திகதி போட்டு,
முடிவு என்ற கட்டத்தை வெறுமையாய் விட்டு,
அவள் சொன்னதை
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.