பரிந்துரைப் படிவம், ஏழாம் கேள்வி

"இவரது தலைமைப் பண்பை
ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல் விளக்குக."
மிகாது.
எனக்குப் பிடிக்காத ஒருத்தியைப் பற்றி
அவ்வளவு எழுத வராது எனக்கு.

நான் ஜோலீன் பிரெக்கி.
வடக்கு டகோட்டா, மைனாட்டுக்கு மேற்கே,
கோதுமையும் எண்ணெய்க் கிணறும்
பங்கு போட்டுக்கொண்ட நிலம்.
தானியக் கிடங்கில் எடை போடுகிறேன்.
லாரி உள்ளே வரும்போது ஓர் எடை,
இறக்கிவிட்டுப் போகும்போது ஓர் எடை.
இடையில் உள்ளதுதான் சரக்கு.
மற்றதெல்லாம் வெறும் இரும்பு.

ஆர்டிஸ் ஹாக்ஸ்டாட்,
நான்கு பள்ளி மாவட்டங்களின் சிறப்புக் கல்வி இயக்குநர்.
மூன்று வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் அவள்,
இந்தப் பக்கம் நான்,
நடுவில் என் மகனின் கோப்பு.
அவனைவிட அது வேகமாக வளர்ந்தது.

கோர்வின் வாய் திறந்து பேசுவதில்லை.
பேச்சுக் கருவி கேட்டேன்.
"மதிப்பீடு நிலுவையில்" என்றாள்.
பேருந்துப் பயணத்தைக் குறைக்கக் கேட்டேன்.
"தடம் மாற்ற நிதி இல்லை" என்றாள்,
கடையில் சில்லறை இல்லை என்பதுபோல.
வழக்குப் போட்டேன்.

விசாரணையன்று அவளுடைய சாம்பல் நிறக் கோட்டில்
மூன்றாவது பொத்தான் ஒற்றை நூலில் தொங்கியது.
அது அறுந்து விழட்டும் என்று
இரண்டு மணி நேரம் வேண்டிக்கொண்டிருந்தேன்.
(இந்த வரியை நீக்குவதானால் நீக்குங்கள்.)

என் வழக்கறிஞர் கேட்டார்:
"அந்தப் பேருந்தில் என்றாவது ஏறியிருக்கிறீர்களா?"
அவளுடைய வழக்கறிஞர் ஆட்சேபிக்க எழுந்தார்.
அவர் முழங்கையைத் தொட்டு உட்காரவைத்து,
"இல்லை" என்றாள்.
பிறகு, யாரும் கேட்காமலே,
"ஏறியிருக்க வேண்டும்."

அறைக்குள் வந்தபோது இருந்த எடை
அவளிடம் அப்போது இல்லை.
எவ்வளவு குறைந்தது என்று
தொழில் பழக்கத்தில் கணக்குப் போட்டேன்.

அடுத்த திங்கள். ஜனவரி.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
ஐந்து நாற்பதுக்கு வாசலில் பேருந்து விளக்கு.
கோர்வினை ஏற்றிவிடப் போனால்
ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் அவள்,
மடியில் நிறுத்தற்கடிகாரம்.
வணக்கம் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

தொண்ணூற்று நான்கு நிமிடம்.
அறுபத்திரண்டாவது நிமிடத்தில்
அவன் தன் மணிக்கட்டைக் கடிக்கத் தொடங்குவான்.
மூன்று வருடம் நான் கத்திச் சொன்னதை
அவள் பென்சிலால் இரண்டு இலக்கமாக எழுதினாள்.

அந்த வாரம் முழுக்க ஏறினாள்.
பிறகு மற்றத் தடங்களிலும்.
இரண்டு குளிர்காலம், நூற்று முப்பத்தேழு பேருந்துகள்,
ஒரு தடவை பனிச்சரிவில் சிக்கி
ஏழு பிள்ளைகளோடு நான்கு மணி நேரம்.
இதைத்தான் நீங்கள் இப்போது
"ஆய்வுப் பங்களிப்பு" என்கிறீர்கள்.
வரைபடம் பார்த்தேன், நன்றாக இருக்கிறது.
வலது ஓரத்தில், கூட்டத்தில் சேராமல்
தனியே நிற்கும் புள்ளி என் மகன்.
பெயர் போடவில்லை. எனக்குத் தெரியும்.

இப்போது நாற்பத்தொரு நிமிடம்.
கருவியும் வந்தது, பதினான்கு மாதம் தாமதமாக.
முதல் நாள் ஒரே சொல்லைத்தான் அழுத்தினான்:
வேண்டாம்.
பதினொரு தடவை.
அத்தனை வேண்டாமும் உள்ளேயே கிடந்திருக்கின்றன.
அந்தப் பதினான்கு மாதத்துக்கு
உங்களிடம் விருது ஏதும் இல்லை,
இருந்தாலும் அவளுக்குத் தராதீர்கள்.
ஃபைஃபல் வீட்டு இரட்டையர்கள்
இன்றும் எண்பது நிமிடம் போகிறார்கள்.
அதையும் அவளே அறிக்கையில் எழுதியிருக்கிறாள்,
பக்கம் முப்பத்தொன்பது, அடிக்குறிப்பில் அல்ல,
பத்தியின் முதல் வரியில்.
என்னைப் பரிந்துரைக்க வைத்தது அந்த வரிதான்.

கான்சாஸ் சிட்டியில் விருந்து, கண்ணாடிப் பட்டயம் என்கிறார்கள்.
மேடையில் "அர்ப்பணிப்பு" என்று வாசிக்காதீர்கள்.
அறுபத்திரண்டு என்று வாசியுங்கள்.
அவளுக்குப் புரியும்.

எட்டாம் கேள்வி: வேட்பாளருடன் உங்கள் உறவு.
சக ஊழியர். மேலதிகாரி. பிற.
பிற.
பக்கத்தில் விட்டிருக்கும் சின்னக் கோட்டில்
"வாதி" என்று எழுதினேன்.
அடிக்கலாமா என்று யோசித்தேன்.
தபால் ஐந்து மணிக்கு எடுத்துவிடுவார்கள்.