வாயில்லாப் பூச்சி

விண்ணப்பத்தில் ஆறாம் கேள்வி:
இத்திட்டத்தால் பயனடைவோர் எத்தனை?
பெட்டிக்குள் எண் மட்டும்தான் ஏறும்.
இரவு பதினொன்றரை. நள்ளிரவோடு கெடு முடிகிறது.
நான் பொருளாளர்,
கூட்டத்தில் வேறு யாரும் கை தூக்காததால்.

டியர் பார்க்கில், ரயில் பாதைக்கும்
டைல்ஸ் கிடங்கின் பின்சுவருக்கும் நடுவே
நான்கு ஹெக்டேர் புல்.
மெல்பர்னின் மேற்கு முழுக்க ஒருகாலம் இப்படித்தான் கிடந்ததாம்.
இது விற்க மறந்த மிச்சம்.
காலிமனை என்கிறார்கள் போகிறவர்கள்,
போகிறபோக்கில் ஒரு மெத்தையையும் வீசிவிட்டு.

அங்கே ஓர் அந்துப்பூச்சி உண்டு.
இரண்டு வருடம், சிலசமயம் மூன்று,
மண்ணுக்குள் புல்வேரைத் தின்று கிடக்கும்.
மேலே வந்தபின் நாலே நாள்.
அதற்கு வாய் கிடையாது.
பேச்சுக்குச் சொல்லவில்லை,
நிஜமாகவே கிடையாது. தின்னாது, குடிக்காது.
டிசம்பர் உச்சிவெயிலில் பெண்பூச்சி தரையில் உட்கார்ந்து
பொன்னிறப் பின்சிறகைத் திறந்து காட்டும்.
அவ்வளவுதான் அதன் விளம்பரம்.

ஏழாம் கேள்வி:
பன்னிரண்டு மாதங்களுக்குள் காட்டக்கூடிய விளைவு என்ன?

போன வருடம் ஒன்பதாயிரத்து அறுநூறு கேட்டோம்,
களையெடுக்கவும்
முறையறிந்தவர்களைக் கொண்டு ஒருமுறை தீயிடவும்.
வந்தது இரண்டாயிரத்து ஐந்நூறு,
பெயர்ப்பலகைக்கு மட்டும்.
இப்போது வாசலில் பலகை மின்னுகிறது.
சோற்றுத்தட்டு அளவுக்கு ஒரு பூச்சி,
அதைவிடப் பெரிதாகக் கொடுத்தவர்களின் முத்திரை.
கோரல் அதைத் தட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"நல்லது, புல் போனபிறகும்
புல் இருந்த இடம் இதுதான் என்று தெரியும்."

சனிக்கிழமைகளில் எட்டுப் பேர் வருவோம்.
ஊசிப்புல்லின் விதை காலுறையைத் துளைத்துச் சதையைத் தேடும்.
துவான் பழைய திருப்புளியால் ஒரு கொடியைக் கெல்லி நீட்டினான்:
"இவன்தான் மோசமானவன். விட்டால் எல்லாவற்றையும் மூடுவான்."
குனிந்து பார்த்தேன்.
அருகம்புல்.
மளிகைக்கடையில் கட்டு நாலு டாலருக்கு வாங்கி
என் சமையலறைப் பிள்ளையாருக்குச் சாத்துகிறேனே, அதே புல்.
ஒரே பொருள் பற்றிலும் வரவிலும் நின்றால்
எந்தக் கணக்கனுக்கும் கை துறுதுறுக்கும்.

அடுத்த சங்கடஹர சதுர்த்திக்கு
கார் டிக்கியில் ஆறு வாளி.
வேரறுத்து, மண் போக அலசி,
ரப்பர் பேண்டு போட்ட நூற்றறுபது கட்டுகள்.
கோயில் செயலாளர் குகப்பிரியன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கேட்டார்,
"எங்கே விளைந்தது?"
"விளையக்கூடாத இடத்தில்."
கட்டு இரண்டு டாலர்.
ஒருவர் இருபதைத் தந்து மீதி வேண்டாமென்றார்.
ஒரு சிறுமி பூச்சி கடிக்குமா என்றாள்,
வாயே இல்லை என்றதும்
புல் வாங்காமல் ஐந்து டாலரை வைத்துவிட்டுப் போனாள்.
ஆக முந்நூற்று நாற்பத்து மூன்று.
தீக்குழுவின் அரைநாள் கூலிக்குக் காணாது.
ஆனாலும் ஏட்டில் எழுதினேன்:
களை விற்ற வகையில் வரவு.
தணிக்கையாளர் அந்த வரியை வட்டமிட்டு
ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பினார்.

மணி பதினொன்று ஐம்பது. ஆறாம் கேள்வி இன்னும் காலி.
எட்டுப் பேர். நாயோடு நடக்கும் மரிஜா.
ஜன்னலோரம் உட்கார்ந்து போனைப் பார்த்தபடி
தினமும் இப்புல்லைக் கடப்பவர்களைச் சேர்க்கலாமா?
பிள்ளையாரைச் சேர்க்கலாமா?
சென்ற டிசம்பரில் கயிறு கட்டி, கோடுகோடாக நடந்து
நாங்கள் எண்ணிய பூச்சிகள் பதினொன்று.
பதினொன்று என்று அடித்தேன்.

பெட்டி சிவந்தது:
ஐம்பதுக்குக் குறையக் கூடாது.

பத்தொன்பது வருடமாகச் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன்,
ஒரு காசு மாற்றி எழுதியதில்லை.
ஒரு பெண்பூச்சி இருநூறு முட்டைவரை இடுமாம்.
ஐம்பத்தெட்டு.
பதினொன்றை அழிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு முட்டை போட்டேன்.