கோல்கம்பத்துக்கு ஒரு பில்

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு
லொரெட்டா ஹாஸ்கின்ஸ் மேசையில்
முதல் பில் கோல்கம்பத்துக்கு.
மஞ்சள் இரும்பு, இரண்டு பக்கமும், பொருத்துக்கூலி தனி.
காரணம் என்ற கட்டத்தில்
யாரோ எழுதியிருக்கிறார்கள்: வெற்றி.

பதினேழு வருஷம் கழித்து
கார்வெல், டன்மோரை வென்றது சனிக்கிழமை.
கையால் ஆடும் அந்தக் கால்பந்தில்
கடைசி ஒன்பது நொடியில் ஒரு கேட்ச்.
வேலி தாண்டிய பிள்ளைகள் கம்பங்களைப் பிடுங்கி
ஒன்றரை மைல் தோளில் சுமந்துபோய்
ஆற்றில் போட்டார்கள்.
பிணம் போகிறதா, சாமி போகிறதா என்று
பாலத்தில் நின்ற ஷெரிஃபுக்கே விளங்கவில்லை.

இரண்டாவது, கூட்டம் உள்ளே புகுந்ததற்கு அபராதம்.
மூன்றாவது, கம்பத்தை ஆற்றிலிருந்து தூக்கிய படகுக்காரர்.
நாலாவதை அவள் பிரிக்கவே வேண்டாம்,
மாதாமாதம் வருவது:
ஒப்பந்தம் முடியுமுன் துரத்திய கோச்
ஏரிக்கரையில் மீன் பிடிக்க
கார்வெல் கொடுக்கும் சம்பளம்.
அவருக்கு முன்னால் துரத்தியவருக்கு
மார்ச்சோடு தீர்கிறது.
யானையைக் கட்டித் தீனி போடலாம், சரி.
அவிழ்த்துவிட்ட யானைக்குமா?

ஆகஸ்டில் நீச்சல் குளத்தை வடித்துவிட்டார்கள்.
பத்தொன்பது பேர் கொண்ட அணி,
இரண்டு வரிக் கடிதம்.
ஜெர்மன் துறை ஓர் அறையாகச் சுருங்கி
அந்த அறையிலும் இப்போது ஏணிகள்.
கட்டணச் சீட்டில் ஏழாவது வரி, விளையாட்டு வசதி:
இரவெல்லாம் நூலக வாசலில் காவலிருக்கும் பையன்
ஓர் ஆட்டமும் பார்க்காமல் அதைக் கட்டுகிறான்.

ஐந்தாவது காகிதம் காளைக்கன்றுக்கு.
ஆட்டத்துக்கு முந்தின வியாழன் ராத்திரி
டன்மோர் பையன்கள் நாலு பேர்
கார்வெலின் கன்றை ஓட்டிக்கொண்டு போனார்கள்.
அதன் பேர் பிஸ்கட்.
வெட்சி பூக்காத ஊர், தலையில் ஆரஞ்சுத் தொப்பி.
ஆநிரை கவர்ந்துதான் போர் தொடங்கும் என்று
அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
மீட்டு வந்தவர் கால்நடை மருத்துவர் எல்வுட்,
கரந்தைக்குப் பதில் காதில் பென்சில்.
பெட்ரோல், ஒரு மூட்டை தீவனம்,
கன்றின் பதற்றத்துக்கு ஓர் ஊசி.

ஒன்பது பத்துக்கு டன்மோரிலிருந்து மார்லிஸ் டுகன்.
அந்தக் கணக்குப் பிரிவு, இந்தக் கணக்குப் பிரிவு,
பதினோரு வருஷம் போனிலேயே பழக்கம்,
முகம் பார்த்ததில்லை.
டிக்கெட் வசூலில் உங்கள் பங்கு புதன்கிழமை வரும், என்றாள் லொரெட்டா.
சீக்கிரம் அனுப்பு, என்றாள் மார்லிஸ்,
நேற்று மத்தியானம் எங்கள் கோச்சை அனுப்பிவிட்டார்கள்.
எத்தனை வருஷம் பாக்கி?
நாலு.
லொரெட்டாவின் பென்சில்
கேட்காமலே பெருக்கத் தொடங்கியது,
எதிர்முனையிலும் ஒரு பென்சில் கேட்டது.
இரண்டு பேருக்கும் ஒரே விடை.
பாலத்துக்கு இந்தப் பக்கமும் கடன், அந்தப் பக்கமும் கடன்.
கொஞ்சநேரம் ஒருத்தியும் பேசவில்லை.

பிறகு மார்லிஸ் சொன்னாள்:
அந்தக் கேட்ச், கால் கோட்டுக்கு வெளியே.
உள்ளே.
வெளியே, லொரெட்டா.
பதினோரு வருஷத்தில் இல்லாத குரல்.
உள்ளே, என்றாள் இவள், பல்லைக் கடித்துக்கொண்டு.
பங்காளி வீட்டு விளக்கு அணைவதுபோல்
போன் துண்டிக்கப்பட்டது.

ஆறாவது காகிதம் கடைசி.
பெயர்த்துப்போன மைதானப் புல்லுக்கு மறுநடவு,
நூற்றுப் பன்னிரண்டு சதுர அடி.
லொரெட்டாவுக்கு ஐம்பத்தெட்டு வயது,
இடது முழங்காலில் நீலக்கட்டு.
ஜன்னல் விளிம்பில் சாண்ட்விச் டப்பா ஒன்று,
அதற்குள் உள்ளங்கையளவு பச்சை.
காகிதக் கோப்பையில் தண்ணீர் எடுத்து
அதன்மேல் கொஞ்சம் ஊற்றினாள்.
உட்கார்ந்து,
நூற்றுப் பன்னிரண்டைத் திரும்பவும் சரிபார்த்து,
கையெழுத்துப் போட்டாள்.