திகதி முத்திரை

விண்ணப்ப முடிவு நேற்று, பிற்பகல் மூன்று மணி.
யன்னல் கண்ணாடியில் ஒட்டியது நான்.
சிவப்புப் பேனையால் அடிக்கோடு போட்டதும் நான்தான்.

அவள் இன்று வந்தாள்.
பிலிப்பையா டிலுக்சி, முதலாம் வருடம், நெடுந்தீவு மேற்கு.
குறிகட்டுவானிலிருந்து பஸ் முழுக்க
மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள் மாதிரி
ஒரே மூச்சில் சொன்னாள்:
"கிராம சேவையாளரின்ரை ஒப்பம் எடுக்கப் போனனான் சேர்,
இரண்டு நாள் படகு ஓடேல்லை. கடல்."
அவ்வளவுதான். கடல் என்றால் கடல்.

படிவத்தைப் புரட்டினேன்.
மாத வருமானம் என்ற பெட்டி
ஓர் இலக்கத்துக்கு அளவாகக் கீறியது.
அதற்குள் பொடி எழுத்தில்
'சோளகத்தில் இல்லை' என்று தொடங்கி,
இடம் போதாமல் ஓரத்தால் ஏறி
'வாடையில் சம்மாட்டிக்கு' என்று முடித்திருந்தாள்.

இதைக் கணினி ஏற்காது பிள்ளை, இலக்கம் வேணும்.
"எந்த மாசத்தை எழுத, சேர்?"

பதினெட்டு வருடமாக இந்த யன்னலில் இருக்கிறேன்.
வறுமையை மூன்று பிரதிகளில் வாங்கியிருக்கிறேன்,
ஒன்று குறைந்தால் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
கார்ச் சாவியை மேசையில் வைத்துவிட்டு
வருமானம் பூச்சியம் என்று எழுதினார் ஒரு தகப்பன்.
இலக்கம் சுத்தமாக இருந்தது. ஏற்றுக்கொண்டேன்.

பன்னிரண்டால் பிரித்தோம், இருவருமாக, என் கல்குலேற்றரில்.
வந்ததைப் பார்த்து அவள்தான் முதலில் சிரித்தாள்.

இணைப்புகளின் அடியில் ஓர் அடகுச் சிட்டை.
ஒரு சோடித் தோடு, இரண்டு கிராம் சொச்சம்.
இது கேட்கவில்லையே என்றேன்.
"அறைக்கு முற்பணம் இதிலைதான் கட்டினது.
வேறை அத்தாட்சி எங்களிட்டை இல்லை."
காதில் ஈர்க்குத் துண்டு செருகியிருந்தது.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பக்கத்து மேசை யோகநாயகி அக்கா
தேத்தண்ணிக்கு எழும்பிப் போனா.
வேண்டுமென்றா, தெரியாது.
கேட்கவும் மாட்டேன்.

முத்திரையை எடுத்தேன்.
இறப்பர்ச் சில்லு முன்னுக்கு மட்டுமே
உருண்டு பழகியது.
பெருவிரல் நகத்தால் ஒரு பல்லு பின்னுக்குத் தள்ள
பதினேழு, பதினாறு ஆனது.
டக்.

கடல் எடுத்தது இரண்டு நாள்.
ஒன்றை அரசாங்கம் திருப்பிக் கொடுத்ததென்று வையுங்கள்.

அது ஆவணியில். இப்போது தை.
திங்கட்கிழமைகளில் யன்னலுக்கு வெளியே நின்று
கேட்காமல் பார்க்கிறாள்.
கொழும்பிலிருந்து இன்னும் வரவில்லை என்பதை
நானும் சொல்லாமல் தலையால் ஆட்டுகிறேன்.

நேற்று பரமேஸ்வராச் சந்தியில் கண்டேன்,
மதிலோரம் ஒரு சோத்துப் பார்சலை
இன்னொருத்தியோடு பிரித்துக்கொண்டிருந்தாள்.
முட்டையை நூலால் அறுத்தார்கள், சரி பாதியாக.

அந்த இன்னொருத்தியை
எங்கோ கண்டிருக்கிறேன்.
இதே யன்னலில், ஏதோ ஒரு வருடம்,
மூன்று மணிக்குப் பிறகு.