இருபது லிட்டர்

சிவப்புக் கேனில் இருபது லிட்டர்.
அதை நான் தொடுவதில்லை.
வலை போடப் போகும் நாளிலும்
என் காலடியில் சும்மா கூட வரும்.
எதெல்மிராவின் சிறுநீரகத்துக்காக அது.

எந்த இரவிலோ
புவெர்த்தோ மான்ட் ஆஸ்பத்திரியிலிருந்து
போன் வரும்.
வந்தால் நாற்பது நிமிடத்தில் காஸ்த்ரோ படகுத்துறை,
மற்றதை ஆம்புலன்ஸ் பார்த்துக்கொள்ளும்.
அவள் வீட்டுக் கதவோரம் ஒரு பை:
இரண்டு இரவு உடுப்பு, கம்பளிக் காலுறை,
சார்ஜர், ஜெபமாலை,
வாரந்தோறும் மாறும் நாலாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள்.
பதினான்கு மாதமாய் நிற்கிறது.
அந்த ஒரு சாண் தரை மட்டும்
வெயிலில் வெளுக்கவில்லை.

மாதம் ஒருமுறை எங்கள் தீவுக்கு வரும் பாதிரியார்
திருவருகைக் காலத்தில்
விளக்கேந்திய பத்துப் பெண்களின் கதையை எடுத்தார்.
எங்கள் டிசம்பரில் இரவு பத்துக்கும் வெளிச்சம் சாகாது.
விளக்கு எதற்கு என்று பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள்.
எனக்கு அந்த ஐந்து புத்திசாலிகளைப் பிடித்ததே இல்லை.
ஒரு கை எண்ணெய் கொடுத்தால்
குடியா முழுகிவிடும்?

பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை,
நிபால்தோ வந்து தட்டினான்.
அக்கரையில் தம்பிக்குக் கல்யாணம், அவன் டாங்க் காலி.
"பத்து லிட்டர் கொடு,
திங்கட்கிழமை இருபதாய்த் தருகிறேன்."
புதுச்சட்டை. தாடையில் பிளேடு கீறிய கோடு.
பின்னால் அவன் மனைவி குடைக்குள்,
வெள்ளைச் செருப்பைக் கையில் பிடித்தபடி.
கேன் எங்களுக்கு நடுவில் இருந்தது.

இல்லை என்றேன்.

ஏன் என்று அவனுக்கும் தெரியும்,
அதனால் கெட்ட வார்த்தை சொல்லவில்லை.
அதற்குப் பிறகு நல்ல வார்த்தையும் இல்லை.

அன்றிரவு போன் வரவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.
மறுநாளும் இல்லை. மார்ச்சிலும் இல்லை.
கல்யாணத்துக்கு வழிமறித்தவன் என்ற பெயரோடு
உருளைக்கிழங்கு தோண்டினேன்.

கண்கொட்டாமல் இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.
தூங்கினேன், வாய் பிளந்து.
கதையிலும் பத்துப் பேருமே தூங்குகிறார்கள்.
பாதிரியார் அந்த இடத்தை வேகமாய்த் தாண்டிவிட்டார்.

ஏப்ரல். மழை. மூன்று மணி பத்து.
எனக்கு முன்னால் துறையில் நின்றாள், பையோடு.
பாதி தூரம் பேச்சில்லை.
பிறகு எஞ்சினுக்கு மேல் கத்தினாள்:
"யாராக இருக்கும், எலெயுத்தேரியோ?"

தருகிறவரைக் கேட்கிறாள்.
எங்கோ ஒரு வீட்டில்
எல்லா அறையிலும் விளக்குப் போட்டிருப்பார்கள் இந்நேரம்.
இத்தனை நாளும் எதற்குக் காத்திருந்தோம் என்பது
உப்புத் தண்ணீரோடு முகத்தில் அடித்தது.
அவள் ஜெபமாலையை எடுத்தாள்.
பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்ததும்
நிறுத்தி, மணியை மட்டும் நகர்த்தினாள்.

காஸ்த்ரோவில் ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்தே இருந்தது.
டிரைவர் காதிலிருந்து போனை எடுத்தார்.
சிறுநீரகம் தேறாதாம்.
இரண்டு காப்பி வாங்கி வந்தார், பாவம்,
அவரால் முடிந்தது அது.

ஏற்றத்துக்குக் காத்திருந்து கிளம்பினோம். விடிந்தது.
தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து
அவள் நோட்டுகளைத் திருத்தினாள்.
ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று எவனோ எழுதியிருக்கிறான்.
சிவப்பு மை கசிந்து பக்கமெல்லாம் ஓடியது.

துறையில் நிபால்தோ வலை அலசிக்கொண்டிருந்தான்.
போனவர்கள் இரண்டு பேர்,
வந்தவர்களும் இரண்டு பேர் என்பதைப் பார்த்தான்.
குனிந்துகொண்டான்.

மத்தியானம் காலிக் கேனைத் தேடிப் போனேன்.
படகில் இல்லை, என் வாசற்படியில் இருந்தது.
காலி என்று நினைத்து ஒரு விரலால் தூக்கப் பார்த்தேன்,
தோள் இழுத்தது.

இன்னும் அவன் என்னோடு பேசுவதில்லை.
பை கதவோரம் திரும்பிவிட்டது.
நாளை வெள்ளி, அவளுக்கு டயாலிசிஸ்.
அதற்கு வேறு கேன்.